குளத்தில் விழுந்த பையனும் கடலில் விழுந்த பையனும்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தப் பையனைத் தெரியாமல் இருக்காது. நான்கு கட்டங்கள் கொண்ட படத்தொடரில் வருவான். முதல் கட்டத்தில் நண்பர்களோடு பந்து விளையாடுவான். இரண்டாவதில் பந்து குளத்தில் விழும், எடுக்கப் போவான். மூன்றாவதில் தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள் மட்டும் தெரியும். நான்காவதில் நனைந்த சட்டையோடு ஓர் ஆடவர் நிற்பார். பையனின் அப்பா அவர் கையைப் பிடித்து நன்றி சொல்வார். பையனுக்குப் பெயர் பெரும்பாலும் முகிலன், இல்லாவிட்டால் கவின். காப்பாற்றியவர் திரு. மாறன். வேறு யாரும் அந்தப் பக்கமாக வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆறாம் ஆண்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது முகிலனை நான் தண்ணீரில் தள்ளிக் காப்பாற்றியிருக்கிறேன். "காப்பாற்றுங்கள்! காப்பாற்றுங்கள்!" என்று கத்த வைப்பேன். இரண்டு உணர்ச்சிக்குறி போட்டால்தான் ஆசிரியருக்குத் திருப்தி. கடைசி வரியில் அவன் பெற்றோர் சொல்லைத் தட்டியதற்காக வருந்துவான். ஒரு பழமொழி. முடிந்தது. எண்பது சொல்.

இன்னொரு பையன் இருக்கிறான். அவனை முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, புரூகெலின் பெயரால் அறியப்படும் 'இக்காரஸ் வீழும் நிலக்காட்சி' ஓவியத்தில் இருக்கிறான். (புரூகெல் வரைந்த மூலத்தின் பிரதி அது என்றுதான் இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்; நமக்கு இங்கே அது முக்கியமில்லை.) மெழுகால் ஒட்டிய சிறகோடு பறந்து, சூரியனை நெருங்கிப் போய், சிறகு உருகிக் கடலில் விழுந்த கிரேக்கக் கதைப் பையன். படத்தின் பெயரே அவனுடையதுதான். ஆனால் படத்தில் அவனைத் தேட வேண்டும். முன்னால் ஒருவன் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு இடையன் ஆடுகளுக்கு நடுவே நின்று வானத்தைப் பார்க்கிறான். கீழ்மூலையில் ஒருவன் தூண்டில் போடுகிறான். அழகான கப்பல் ஒன்று போகிறது. அந்தக் கப்பலுக்குக் கீழே, பச்சைத் தண்ணீரில், இரண்டு கால்கள். அவ்வளவுதான் இக்காரஸ். ஏர்க்காரன் திரும்பவில்லை. கப்பல் நிற்கவில்லை. திரு. மாறன் வரவில்லை.

1938-இல் ஆடன் இந்த ஓவியத்தை வைத்து எழுதிய கவிதையை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை கடந்து வந்திருப்பார்கள். நான் சொல்ல வருவது அந்தக் கவிதையைப் பற்றி இல்லை. இரண்டு பையன்களும் ஒரே வேலைக்காகப் பிள்ளைகள் முன்னால் வைக்கப்படுகிறார்கள், எழுத வைப்பதற்காக. முதலாமவன் நம் பிள்ளைகளை ஒரு தலைமுறைக்கு மேலாக எழுத வைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டாமவனைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

*

கோலா கங்சாரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பட்டறை மாதிரி ஒன்றை நடத்திவந்தோம். பட்டறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பத்துப் பதினைந்து பேர், ஒரு கோயில் மண்டபம், பசியாற நாசி லெமாக், பிறகு எழுத்து. பாதிப் பிள்ளைகள் டவுனில் இருப்பவர்கள். மீதிப் பேர் பழைய தோட்டப்புறங்களிலிருந்து வருகிறவர்கள். பழைய தோட்டம் என்று சொல்வது பழக்கத்தால்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் போய்த் தாமான் வந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது.

முதல் நாள் வான்கோவின் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தை வண்ணத்தில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். 1885-இல் வரைந்தது. இருட்டறை, மேலே தொங்கும் ஒரே விளக்கு, மேசையைச் சுற்றி ஐந்து பேர். இரண்டு பேர் முள்கரண்டியால் தட்டிலிருந்து கிழங்கு எடுக்கிறார்கள். ஒரு வயதான பெண் காப்பி ஊற்றுகிறாள். முகங்கள் முண்டும் முடிச்சுமாக, கிழங்கைப் போலவே இருக்கின்றன. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள்.

"பார்த்து எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன். அது என் தவறு. பதினைந்து நிமிடத்தில் எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள். பெரும்பாலான தாள்களில் ஒரே வாக்கியம்: ஒரு குடும்பத்தினர் மகிழ்ச்சியாக இரவு உணவு உண்கின்றனர். அதற்குப் பிறகு குடும்ப ஒற்றுமையின் நன்மைகள். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. ஒருவன் மட்டும் உருளைக்கிழங்கில் உள்ள சத்துகளைப் பற்றி எழுதியிருந்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனாவது கிழங்கைப் பார்த்திருக்கிறான்.

அந்த ஓவியத்தில் ஒரு முகம்கூடச் சிரிக்கவில்லை. கண்ணால் பார்க்கிற எவருக்கும் அது தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. பிறகு பேச்சுக் கொடுத்தபோது, "அவங்க சண்ட போட்டுட்டு சாப்டுறாங்க சார்", "யாரோ செத்துட்டாங்க போல", "கரண்டு இல்ல" என்று சரமாரியாகச் சொன்னார்கள். கண் பார்த்ததை வாய் சொல்கிறது. கைதான் "மகிழ்ச்சியாக" என்று எழுதுகிறது. ஏனென்றால் அது பழகிய கை. தேர்வுப் படத்தில் மேசையைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்திருந்தால் அது மகிழ்ச்சியான குடும்பம். ஆறு வருடமாக அந்தக் கைக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

*

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-இல் வந்தது, 2021-இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போனதோடு தேர்வுப் படமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயிற்சி நூல்களில், பள்ளி அளவிலான சோதனைகளில், போட்டி அறிவிப்புகளில் அது அப்படியே இருக்கிறது. ஆகவே அது என்ன வகையான படம் என்று ஒரு விமர்சகனுடைய கண்ணோடு பார்ப்பதில் தப்பில்லை. கவிதையையும் நாவலையும் விமர்சிக்கிறோம். நம் பிள்ளைகள் எல்லாரும் வாசிக்கிற ஒரே 'படைப்பு' இதுதான். இதை யாரும் விமர்சிப்பதில்லை.

தேர்வுப் படத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே தடிமன். தூரத்தில் உள்ளதும் பக்கத்தில் உள்ளதும் சம வெளிச்சத்தில் இருக்கும். காரணம் எளிது: பிள்ளை எதையும் தவறவிடக் கூடாது. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு சொல்லுக்காக வைக்கப்பட்டிருக்கும். குடை இருந்தால் மழை. அம்புலன்ஸ் இருந்தால் 'முதலுதவி'. தேவையில்லாத ஒரு பொருளும் இருக்காது. அப்படி ஏதாவது மூலையில் தெரிந்தால் அது அச்சுப் பிழை. சுருக்கமாகச் சொன்னால், அது விடைத்தாளைப் படமாக வரைந்தது. அதைப் பார்க்கத் தேவையில்லை, அவிழ்த்தால் போதும்.

இதற்கு ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நம் வகுப்புகளில் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று மொழிக்கு நடுவில் திணறும் பிள்ளைக்கு ஒரு படம், அதற்குப் பத்துச் சொல், அந்தப் பத்துச் சொல்லைக் கோத்து ஒரு பத்தி என்பது பெரிய கைப்பிடி. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் கேட்டார்: "நீங்க சனிக்கிழம ரெண்டு மணி நேரம் வான்கோ காட்டிட்டுப் போயிடுவீங்க. திங்கக்கிழம 'சென்றான்'னுக்கு எந்த 'ன' போடுறதுன்னு நான்தான சொல்லிக் கொடுக்கணும்?" பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை. கைப்பிடி வேண்டும்தான். ஆனால் நடக்கத் தெரிந்த பிறகும் கைப்பிடியை விடக் கூடாது என்கிறோமே, அங்கேதான் எனக்குப் பிரச்சினை.

தன்கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு காலணி'. தொழிற்சாலையில் பிறந்து, லோரியில் ஏறி, கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, நல்ல மாணவன் ஒருவனால் வாங்கப்பட்டு, தேய்ந்து, கடைசியில் குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கும் ஆயிரமாயிரம் பொருள்கள். ஒரு நாட்டின் பிள்ளைகள் முழுக்கக் குப்பைத் தொட்டியில் கிடந்தபடி கதை சொல்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் நினைத்தால் ஆச்சரியமில்லை.

*

இரண்டாவது சனிக்கிழமை மில்லேயின் 'கதிர் பொறுக்குவோர்'. 1857. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து, சிதறிக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குகிறார்கள். பின்னால் தூரத்தில் மலைபோல் குவிந்த கதிர்ப்போர், வண்டி, கூட்டம். பொறுக்குவது அந்த ஊரிலேயே ரொம்ப ஏழைகளுக்கு விட்டுவைக்கப்பட்ட உரிமை. பாரிஸில் அதைக் காட்சிக்கு வைத்தபோது வசதியானவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஏழைகளை இவ்வளவு பெரிதாக வரைய வேண்டுமா என்று முகம் சுளித்தார்கள்.

இந்த விவரங்கள் எதையும் நான் சொல்லவில்லை. இந்தத் தடவை எழுதவும் சொல்லவில்லை. பேசச் சொன்னேன். ஃபிலிப் யெனாவின் என்ற அருங்காட்சியகக் கல்வியாளரும் அபிகேல் ஹௌசன் என்ற உளவியலாளரும் சேர்ந்து உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? ஆசிரியர் விளக்கக் கூடாது, பாராட்டக் கூடாது, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி விரலால் படத்தில் காட்டினால் போதும். கேட்க எளிதாக இருக்கும். நம் ஆசிரியர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், விளக்காமல் இருப்பது உயிர்போகும் வேலை.

"செம்பனைப் பழம் பொறுக்குறாங்க" என்றான் ஒருவன்.

எதைப் பார்த்து?

"குனிஞ்சிருக்காங்கல்ல. உதிரிப்பழம் அப்படித்தான் பொறுக்கணும். எங்க பாட்டி பொறுக்குவாங்க. சாயங்காலம் இடுப்ப நிமிர்த்த முடியாது."

கொஞ்ச நேரம் கழித்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்து வந்து படத்தின் வலது பக்கம், ரொம்பத் தூரத்தில், குதிரைமேல் இருக்கும் சின்ன உருவத்தைத் தொட்டாள். பலமுறை அந்த ஓவியத்தைப் பார்த்திருந்தும் நான் அவனைக் கவனித்ததே இல்லை. "இவரு தண்டல் சார்" என்றாள்.

அது மேற்பார்வையாளர்தான். ஓவிய நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சிறுமி எந்த நூலும் படிக்கவில்லை. தோட்டத்தையே பார்க்காதவள் அவள். தண்டல், கிராணி, பெரட்டு என்ற சொற்களை அவளுடைய ஆயா வாயிலிருந்து எடுத்திருக்கிறாள். பிரான்சில் ஒருவர் நூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் மூலையில் வைத்த புள்ளியை, கோலா கங்சாரில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஒரே சொல்லில் பிடித்துவிட்டது. தேர்வுப் படத்தில் மூலையில் உள்ளது பிழை. ஓவியத்தில் மூலையில் உள்ளவனால்தான் அந்தப் பெண்கள் நிமிராமல் இருக்கிறார்கள்.

பிறகு எழுதினார்கள். அவள் தாளை ஆவலோடு வாங்கிப் பார்த்தேன். தண்டல் இல்லை. "தூரத்தில் ஒரு மேற்பார்வையாளர் குதிரையின் மீது அமர்ந்திருந்தார்" என்று இருந்தது. ஏன்மா என்றேன். "தண்டல்னு எழுதினா தப்பு சார். அது பேச்சுத் தமிழ்."

தண்டல் பேச்சுத் தமிழ் இல்லை. தண்டுதல் என்றால் வரி வசூலித்தல். பழைய, நன்கு நரைத்த சொல். அதை மலாயாத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் புதுப் பொருள் கொடுத்து வாழ வைத்தது அவளுடைய முப்பாட்டன்கள். ஆனால் சொல்லின் வரலாறு வேறு விஷயம். என்னை உறுத்தியது வேறு. அவள் பார்த்தபோது அவன் தண்டலாக இருந்தான், பயமாக இருந்தான், ஆயாவின் குரலோடு இருந்தான். எழுதியபோது அவன் அரசாங்கச் சுற்றறிக்கையில் வருகிறவனாகிவிட்டான். நல்ல தமிழ் என்ற பெயரில் நாம் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது ஒரு சொல்லை மட்டுமில்லை. தோட்டங்களைப் பற்றி அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். வந்து போனவர்கள் எழுதலாம். இங்கேயே பிறந்தவள் எழுதும்போது அவள் கையில் இருக்கும் ஒரே கூடுதல் சொத்து இந்தச் சொற்கள்தான். அதையும் பறித்துக்கொண்டால் அடுத்த இருபது வருடத்தில் மலேசியத் தமிழ் இலக்கியம் எதை வைத்து எழுதப்படும் என்று எனக்குத் தெரியவில்லை.

*

ஓவியத்தைக் காட்டி எழுத வைப்பது மேற்கத்திய மோஸ்தர் என்று ஒரு பேச்சு வரும். வரத்தான் செய்தது. லண்டன் நேஷனல் கேலரி 1995 முதல் ஒரே ஓவியத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடக்கப்பள்ளிகளிடம் கொடுத்து, அதிலிருந்து பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் செய்யட்டும் என்று விடுகிறது. நல்ல திட்டம். ஆனால் நமக்கு இது இறக்குமதிச் சரக்கு இல்லை.

பரிபாடலின் 19ஆம் பாடலைப் பாருங்கள். திருப்பரங்குன்றத்துக்கு மதுரை மக்கள் கூட்டமாகப் போகிறார்கள். அங்கே ஓவிய மண்டபம் ஒன்று இருக்கிறது. எழுத்துநிலை மண்டபம் என்று அதற்குப் பெயர். வந்தவர்கள் சுவரில் உள்ளதைக் காட்டி இது யார், இது யார் என்று கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இவன் காமன், இவள் ரதி. இது பூனையாக வந்த இந்திரன், இவள் அகலிகை, அந்தப் பக்கம் கோபத்தோடு கௌதமன், இதோ அவள் கல்லாகிவிட்டாள். யெனாவினின் மூன்று கேள்விகளில் முதல் இரண்டு அங்கேயே இருக்கின்றன. நப்பண்ணனார் ஓவியத்தை வருணிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறம் எப்படி, கோடு எப்படி என்று ஒன்றும் இல்லை. ஓவியத்தின் முன்னால் நிற்கும் கூட்டத்தின் பேச்சைத்தான் எழுதுகிறார். விரல் நீட்டும் கையைத்தான் நாம் பார்க்கிறோம்.

மண்டபத்தின் பெயரிலேயே எழுத்து இருக்கிறது. பழந்தமிழில் எழுதுதல் என்றால் வரைதலும்தான். கண்ணுக்கு மை எழுதினார்கள், சுவரில் பாவை எழுதினார்கள். நாம் இப்போது ஓவியத்தையும் எழுத்தையும் சேர்த்துவைப்பதாகப் பெருமைப்படுகிறோம். மொழி அவற்றைப் பிரித்தே வைக்கவில்லை.

நெடுநல்வாடை இன்னும் ஒரு படி மேலே. போருக்குப் போன மன்னன் வரவில்லை. அரசி கட்டிலில் படுத்திருக்கிறாள். மேலே மெழுகு பூசிய விதானத்துணியில் வான மண்டலம் வரைந்திருக்கிறது. அதில் நிலாவும், நிலாவைப் பிரியாத உரோகிணியும். அவள் அதைப் பார்க்கிறாள். பெருமூச்சு விடுகிறாள். கண்ணீரை விரலால் துடைக்கிறாள். அவ்வளவுதான். அவள் என்ன நினைத்தாள் என்று நக்கீரர் விளக்குவதில்லை. ஓவியத்தில் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், கீழே ஒருத்தி தனியாகப் படுத்திருக்கிறாள். இடையில் ஒரு பெருமூச்சு. ஓவியத்திலிருந்து எழுத்து பிறக்கும் இடம் எது என்று என்னை யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். படத்தில் என்ன இருக்கிறது என்பதல்ல, பார்ப்பவரிடம் எது இல்லை என்பது.

இதனால்தான் ஓவியப் பட்டறைகள் பலவற்றின்மேல் எனக்குக் கசப்பு. இப்போது இது நம்மிடையே பரவலாகி வருகிறது. சூரிய அஸ்தமனம், மயில், தாமரைக் குளம், தாஜ்மஹால் என்று அழகான படங்களாகப் பொறுக்கி மின்திரையில் காட்டுகிறார்கள். பிள்ளைகள் உவமை உவமையாக எழுதுகிறார்கள். தேர்வுப் படம் நீதியைக் கேட்டது, இது அலங்காரத்தைக் கேட்கிறது. படம் மாறியிருக்கிறது, அவிழ்க்கிற வேலை மாறவில்லை. அந்த மூன்று கேள்விகளைக்கூடப் படிவமாக அச்சடித்துக் கோடு போட்டு நிரப்பச் சொன்ன ஒரு பட்டறையில் நான் பேச்சாளனாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். பசியாற இட்லி போட்டிருந்தார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

*

வான்கோ, மில்லே என்று அடுக்கிக்கொண்டே போனால் பேராக்கில் வரைய ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. லாட் இந்த மாநிலத்துப் பிள்ளை. கோத்தா பாருவில் பிறந்தவர். கிளந்தான் தலைநகரம் இல்லை, பேராக்கில் உள்ள கிராமம். 1979-இல் வந்த 'கம்போங் பாய்' நூலில் ஈயவயலும் பால்மரமும் ஆறும் இருக்கின்றன. பையன்கள் ஆற்றில் ஈயம் அலசுவதும் அப்பாவிடம் மாட்டிக்கொள்வதும் வரும் பக்கங்களைக் காட்டியபோது மண்டபமே சிரித்தது. அன்றைக்கு எழுதிய தாள்கள்தான் அளவில் பெரியவை. மூன்று பக்கம், நான்கு பக்கம். யார் வீட்டு ரம்புத்தானை யார் திருடினார்கள் என்பது வரை எல்லாம் வந்துவிட்டது. பேச்சுத்தமிழும் தானாக உள்ளே வந்தது. லாட்டே பேசுகிற மாதிரி வரைகிறவர் என்பதாலோ என்னவோ.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். லாட் அவர்களைப் பேச வைத்தார். வான்கோ அவர்களை வாயடைக்க வைத்தார். பேசியபின் எழுதியதைவிட வாயடைத்தபின் எழுதியது மேலாக இருந்தது. லாட்டிடம் எல்லா முகமும் தெரியும், எல்லாப் பல்லும் தெரியும். வான்கோவின் படத்தில் ஒரு சிறுமி திரும்பவே மாட்டேன் என்கிறாள். மாதம் ஒருமுறை அதே படத்தைத் திரும்பக் கொண்டுபோனோம். மூன்றாவது தடவை எல்லாரும் அவளைப் பற்றித்தான் எழுதினார்கள். அவளுக்குக் கிழங்கு கிடைக்கவில்லை என்று ஒருவன். அவள் செத்துப்போனவள், அதனால்தான் யாரும் அவளைப் பார்க்கவில்லை என்று ஒருத்தி. இதைப் படித்துவிட்டு அன்று மாலை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்ப் படத்தை வரையுங்கள் என்றும் ஒரு நாள் சொன்னோம். எல்லாரும் உபுடியா மசூதியின் பொன்னிறக் கூம்பை வரைந்தார்கள். சிலர் பேராக் ஆறு, ஒருவர் லாபு சாயோங் மண்கூஜா. மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டு நிற்கும் அந்தக் கிழட்டுக் கித்தா மரத்தை ஒருவரும் வரையவில்லை. 1877-இல் ஹியூ லோ இந்த ஊரில் நட்ட முதல் கன்றுகளில் மிஞ்சியது அது. அந்த ஒன்பது கன்றுகள் இல்லாவிட்டால் எங்கள் தாத்தாக்கள் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்திருப்பார்களா என்பது சந்தேகம். பிள்ளைகள் தினமும் வேனில் அதைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். மசூதி அஞ்சலட்டையில் இருக்கிறது, கூஜா நினைவுப்பொருள் கடையில் இருக்கிறது. மரத்தை யாரும் படமாக்கிக் காட்டவில்லை, அதனால் அது கண்ணில் படவில்லை. பால்மரத்தையும் லயத்தையும் பெரட்டையும் வரைந்த ஓவியங்களைத் தேடி அலைந்தபோதுதான் எவ்வளவு குறைவாக நம்மை நாமே வரைந்திருக்கிறோம் என்று உறைத்தது. சிறுகதையில் தோட்டம் வழிய வழிய இருக்கிறது. சுவரில் இல்லை.

*

கடைசியாக அந்தக் கடலில் விழுந்த பையனுக்கு வருகிறேன்.

இக்காரஸ் படத்தைக் கதை சொல்லாமல்தான் காட்டினேன். ஏர்க்காரன், ஆடு, கப்பல் என்று போய்க்கொண்டிருந்தது பேச்சு. கால்களைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. கண்டுபிடித்தவன் சத்தம் போடவில்லை. "சார், அங்க ஒருத்தன் முழுகுறான்" என்று ஏதோ மண்டபத்துக்கு வெளியே நடப்பது போலச் சொன்னான். பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் யாரும் போகல? தூண்டில்காரன் கிட்டத்தானே இருக்கான்? அவனுக்குக் காது கேக்கலயா? ஒருத்தி ஓவியரையே திட்டினாள். இவ்வளவு சின்னதா வரஞ்சா எப்படித் தெரியும். தேர்வுப் படத்தில் முகிலன் விழுந்தபோது இவர்கள் யாருக்கும் கோபம் வந்ததில்லை. அங்கே கோபத்துக்கு இடமே கிடையாது. மூன்றாவது கட்டத்தில் விழுகிறவன் நான்காவதில் ஏறிவிடுவான் என்று எல்லாருக்கும் தெரியும்.

கால்களைக் கண்டுபிடித்தவன் எழுதியது ஒன்றரைப் பக்கம். பேராக் ஆறு, பாலம், மழைக்காலம். ஒரு பையன் விழுகிறான். பாலத்தின்மேல் ஆள்கள் இருக்கிறார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுக்கிறார். இது நடந்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எழுத்துப்பிழைகள் நிறைய. இறந்தகாலமும் நிகழ்காலமும் குழம்பிக் கிடந்தன. ஆனால் நன்றி சொல்ல ஓர் அப்பா வரவில்லை, பழமொழி வரவில்லை, "மகிழ்ச்சியாக" ஓர் இடத்திலும் இல்லை.

அவனே அதை ஒரு சிறுவர் கதைப் போட்டிக்கு அனுப்ப ஆசைப்பட்டான். போட்டிக்கு ஒரு பெரியவர் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவர் நல்லவர், பிள்ளைகளுக்காக நிறையச் செய்கிறவர். படித்துவிட்டு, "நல்லாருக்கு, ஆனா நன்னெறி இல்லையே தம்பி" என்றாராம். முடிவை மாற்றச் சொன்னார். மாற்றிய முடிவில், அந்தப் பக்கமாக வந்த ஒருவர் ஆற்றில் குதித்துப் பையனைக் கரைசேர்க்கிறார். அவருக்குப் பெயர் திரு. மாறன்.

கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. ஐம்பது வெள்ளி, ஒரு சான்றிதழ். சான்றிதழை எடுத்து வந்து காட்டினான், சந்தோஷமாகத்தான் இருந்தான். பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, "இத நீங்க வச்சிக்கிங்க சார், வீட்ல இருந்தா தொலஞ்சிடும்" என்று கொடுத்துவிட்டுப் போனான். பென்சிலில் எழுதியது, ஓரங்கள் மங்கிவிட்டன. அதில் கடைசி வரி வரைக்கும் ஆற்றில் யாரும் குதிப்பதில்லை. பாலத்தில் ஒரு லோரி வேகத்தைக் குறைக்கிறது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிக் கீழே பார்க்கிறார். மழை உள்ளே அடிக்கிறது. கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்.